சீட்டுக்கு முன்னால் நாலு கேள்வி

காய்ச்சலுக்கு வெப்பமானி இருக்கிறது. இரத்த அழுத்தத்துக்கும் கருவி இருக்கிறது. அரிப்பை அளக்க அப்படி எதுவும் இல்லை. நோயாளி சொல்வதுதான் கணக்கு. சாமுவேல் ஹாஃபென்ரெஃபர் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1660இல் அரிப்பைச் சொறியத் தூண்டும் தொல்லையான உணர்வு என்று வரையறுத்தார். அதைவிட நல்ல வரையறை இன்றைக்கும் எங்கள் கையில் இல்லை.

கடலூர் மாவட்டத்தில் தோல் மருத்துவராக இருக்கிறேன். புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்கு ஒதுக்க முடிவது சில நிமிடங்கள். அந்த நேரத்தில் பாதியைப் பேனாவைத் தொடாமல் செலவழிக்க வேண்டும் என்பது என் தொழிலில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் கொள்கை. அரிப்பு தனி ஒரு நோயல்ல. பல நோய்கள் சொல்லும் ஒரே புகார். களிம்பின் பெயரை எழுதக் கால் நிமிடம் போதும். எந்தக் களிம்பு, அல்லது களிம்பே வேண்டாமா என்பதை முடிவு செய்வது நாலு கேள்விகள். எப்போது அரிக்கிறது? எங்கே அரிக்கிறது? வீட்டில் வேறு யாருக்கு அரிக்கிறது? இதுவரை என்ன போட்டீர்கள்?

கேட்பதற்கு முன்பே கண் சிலவற்றைச் சேகரித்துவிடும். மாதக்கணக்கில் சொறிந்தவரின் நகங்கள் மெருகு போட்டதுபோல் பளபளக்கும். உடம்பெல்லாம் கீறல் இருந்தும் முதுகின் நடுவில் மட்டும் தோல் சுத்தமாக இருந்தால், கை எட்டாத இடம் தப்பித்திருக்கிறது என்று பொருள். நோய் தோலில் முளைக்கவில்லை, சொறிந்ததால் வந்த புண்களைத்தான் பார்க்கிறோம் என்பதற்கு அது நல்ல தடயம். எங்கள் படிப்பில் அதற்கு வண்ணத்துப்பூச்சி அடையாளம் என்று பெயர்.

முதல் கேள்விக்குப் பெரும்பாலும் வரும் பதில், "ராத்திரி படுத்தா தாங்க முடியல டாக்டரம்மா" என்பது. எல்லா அரிப்பும் இரவில் கொஞ்சம் கூடும். கவனத்தைத் திருப்ப வேலை இல்லை, போர்வைக்குள் தோல் சூடாகிறது. ஆனால் படுத்த சிறிது நேரத்தில் தொடங்கித் தூக்கத்தையே கெடுக்கும் அரிப்பு என்றால் உடனே கையை நீட்டச் சொல்லி விரலிடுக்கைப் பார்ப்பேன். பிறகு மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றி, பெண்களுக்கு மார்புக் காம்பைச் சுற்றி, ஆண்களுக்குப் பிறப்புறுப்பில். அங்கெல்லாம் சின்னச் சின்னப் பருக்கள் இருந்தால் அது சிரங்கு. முகத்தைப் பார்த்தால் பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியாது. சிரங்கு கழுத்துக்கு மேலே அபூர்வமாகத்தான் ஏறும்.

சிரங்கு அழுக்கால் வருவதல்ல. அரை மில்லிமீட்டர்கூட இல்லாத, எட்டுக் கால் கொண்ட ஓர் உண்ணி வகைப் பூச்சியால் வருவது. பெண் பூச்சி தோலின் மேலடுக்கைத் துளைத்துக்கொண்டு நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இட்டபடி நகரும். முதல்முறை தொற்றியவருக்கு அரிப்பு தொடங்க மூன்று முதல் ஆறு வாரம் ஆகும். அரிப்பு என்பது பூச்சிக்கு எதிராக உடல் காட்டும் ஒவ்வாமை, அதைக் கற்றுக்கொள்ள உடலுக்கு அவ்வளவு நாள் வேண்டும். அந்த வாரங்களில் அவர் எதுவும் தெரியாமல் மற்றவர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருப்பார். மூன்றாவது கேள்வியின் அருமை இங்கேதான். "வீட்டுல வேற யாருக்காச்சும் இருக்குதாம்மா?" என்றால் முதலில் "இல்ல" என்று வரும். விடாமல், பிள்ளை யாரோடு படுக்கிறான், ஹாஸ்டலில் இருந்து யாராவது வந்தார்களா, வீட்டுக்காரர் சொறிகிறாரா என்று தனித்தனியாகக் கேட்டால், "அவருக்கும் இருக்குதும்மா, வெளிய சொல்ல மாட்டாரு" என்ற பதில் கிடைக்கும். அந்த வாக்கியம் பல இரத்தப் பரிசோதனைகளுக்குச் சமம்.

இந்தப் பூச்சியின் வரலாறே மருத்துவர்கள் காது கொடுக்க மறந்ததன் வரலாறு. 1687இல் இத்தாலியின் லிவோர்னோவில் ஜியோவான் கோசிமோ பொனோமோ, மருந்தாளர் டியாசிந்தோ செஸ்தோனியோடு சேர்ந்து, பூச்சியை நுண்ணோக்கியில் பார்த்துப் படம் வரைந்து எழுதினார். ஏழைத் தாய்மார்கள் பிள்ளைகளின் கையிலிருந்து ஊசியால் எதையோ நெம்பி எடுப்பதைக் கவனித்ததுதான் அவர்களுக்குக் கிடைத்த துப்பு. மருத்துவ உலகம் அதை நம்பவில்லை; இரத்தம் கெட்டதால் வருவது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. 1834இல் பாரிஸில் கோர்சிகாத் தீவிலிருந்து வந்த ரெனூச்சி என்ற மாணவர், தன் ஊர்ப் பெண்கள் செய்ததைப் போலவே ஊசி முனையில் பூச்சியை எடுத்துக் காட்டிய பிறகுதான் பேராசிரியர்கள் ஒப்புக்கொண்டார்கள். வீட்டுப் பெண்களுக்குத் தெரிந்திருந்ததை ஏற்க நூற்றைம்பது ஆண்டு பிடித்தது. பயிற்சி மருத்துவர்களுக்கு நான் பாடம் எடுத்தால் இதில்தான் தொடங்குவேன்.

சிரங்கைக் குணப்படுத்தும் மருந்து எளிது. 5 சதவீத பெர்மெத்ரின் களிம்பு, ஒரு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை. அல்லது ஐவர்மெக்டின் மாத்திரை, உடல் எடைக்கேற்ப இரண்டு தவணை. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் அதைத் தருவதில்லை. இந்த மருந்தின் பின்னால் இருந்த ஆய்வுக்காக வில்லியம் கேம்ப்பெல்லுக்கும் சத்தோஷி ஓமுராவுக்கும் 2015இல் நோபல் பரிசு கிடைத்தது. இவ்வளவு நல்ல மருந்துகள் இருந்தும் சிரங்கு திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் பூச்சியின் திறமையைவிட எங்கள் வாய்ச்சொல்லின் போதாமை. "உடம்பெல்லாம் தடவுங்க" என்றால் அரிக்கும் இடமெல்லாம் தடவுவார்கள். அதனால் சொல்லும்போதே தொட்டுக் காட்டுகிறேன். காது மடலுக்குப் பின்னால் தொடங்கிப் பாதத்தின் அடிவரை. விரலிடுக்கு, நகத்துக்கு அடியில், தொப்புளுக்குள், பிட்டத்தின் மடிப்பு, பிறப்புறுப்பு. இரவு படுக்கும் முன் தடவிக் காலையில் குளிக்க வேண்டும். நடுவில் கை கழுவினால் கைக்கு மட்டும் மறுபடி தடவ வேண்டும். பெரியவர் ஒருவருக்கு 30 கிராம் குழாய் ஒருமுறைக்கே ஏறக்குறைய முடிந்துவிடும். ஒரு குழாயை நாலு பேர் பங்கு போட்டால் நாலு பேருக்கும் குணமாகாது. வீட்டில் இருக்கும் எல்லோரும், அரிப்பு இல்லாதவரும், அதே இரவில் போட வேண்டும். கைக்குழந்தைக்குக் கண்ணையும் வாயையும் விட்டுத் தலைக்கும் முகத்துக்கும் சேர்த்து.

துணி விஷயத்தில் ஜனங்கள் நாம் சொல்வதைவிட அதிகமாகச் செய்து களைத்துப்போகிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் கென்னத் மெல்லன்பி, போருக்குப் போக மனம் ஒப்பாத தன்னார்வலர்களைச் சிரங்கு பிடித்த சிப்பாய்களின் போர்வையில் படுக்க வைத்துச் சோதித்தார். போர்வையால் தொற்று பரவுவது மிக அரிது, உடம்போடு உடம்பு ஒட்டிப் படுப்பதால்தான் பரவுகிறது என்று அவர் காட்டினார். சராசரி நோயாளியின் உடம்பில் வளர்ந்த பெண் பூச்சிகள் ஒரு டஜன் அளவில்தான் இருந்தன. ஆகவே வீட்டையே கொதிக்க வைக்க வேண்டாம். கடைசி மூன்று நாளில் உடுத்தியது, விரித்தது, போர்த்தியது மட்டும் வெந்நீரில் துவைத்து வெயிலில் காயவைத்தால் போதும். துவைக்க முடியாததைப் பையில் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைக்கலாம். மனித உடம்பை விட்டால் பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்காது. எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கடைசியாகச் சொல்லுவேன். பூச்சி செத்த பிறகும் இரண்டு மூன்று வாரம் அரிக்கும். இதைச் சொல்லாமல் விட்டால், மருந்து பலிக்கவில்லை என்று தினமும் தடவித் தோலைப் புண்ணாக்கிக்கொண்டு வருவார்கள்.

நாலாவது கேள்வி படர்தாமரைக்காரர்களுக்கு. தொடை இடுக்கிலும் இடுப்பிலும் வட்டவட்டமாக, ஓரம் சிவந்து நடுவில் தெளிந்து படரும் பூஞ்சை நோய் இது. சேலைப் பாவாடை நாடா இறுகும் இடத்தில் பெண்களுக்கு, ஜீன்ஸ் நனைந்து காயும் இடத்தில் இளைஞர்களுக்கு. ஒரு காலத்தில் இரண்டு மூன்று வாரக் களிம்பில் போய்விடும். இப்போது அப்படியில்லை. "என்ன போட்டீங்க?" என்றால் தோளில் மாட்டிய பையிலிருந்து மூன்று நான்கு குழாய்கள் வரும். மருந்துக்கடையில் "அரிப்புக்கு ஒரு டியூப்" என்று கேட்டு வாங்கியவை. பெரும்பாலும் அதில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒன்று, கூடவே குளோபெட்டசால் போன்ற வீரியமான ஸ்டீராய்டு ஒன்று. ஸ்டீராய்டு தடவிய அன்றே அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும். ஆனால் அது அடக்கியது பூஞ்சையை அல்ல, பூஞ்சையை எதிர்த்துக்கொண்டிருந்த தோலின் எதிர்ப்பை. காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுத் திருட்டு நின்றுவிட்டது என்று நினைப்பது மாதிரி. நிறுத்தியதும் முன்பைவிட அகலமாக, வட்டம்கூடக் கலைந்து அடையாளம் தெரியாமல் படரும். மாதக்கணக்கில் போட்டால் தொடை இடுக்கில் தோல் மெலிந்து, பிரசவ வரிகள் போன்ற பட்டைக் கோடுகள் விழும். அந்தக் கோடுகளை எந்த மருந்தாலும் முழுக்க அழிக்க முடியாது.

இந்தியாவில் தோலில் பூசும் ஸ்டீராய்டுகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் 2018இல் அரசு சேர்த்தது. சட்டம் வந்தது, பழக்கம் மாறவில்லை. பூஞ்சையும் சும்மா இருக்கவில்லை. இந்தியாவிலும் நேபாளத்திலும் இருந்து போன நோயாளிகளிடம் கண்டறிந்த ஒரு வகைக்கு ஜப்பானிய ஆய்வாளர்கள் 2020இல் ட்ரைக்கோஃபைட்டான் இந்தோடினியே என்று பெயர் வைத்தார்கள். டெர்பினாஃபின் என்ற, ஒரு காலத்தில் நம்பகமாக இருந்த மாத்திரைக்கு இது பல நேரம் மசிவதில்லை. அதனால் இட்ராகோனசோல் போன்ற மாத்திரைகளை வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கிறது. சந்தேகம் இருந்தால் ஓரத்தைச் சுரண்டி எடுத்த செதிலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்போம். நூல் நூலாகப் பூஞ்சை தெரியும். ஸ்டீராய்டு கலக்காத களிம்பை வட்டத்துக்கு வெளியே இரண்டு சென்டிமீட்டர் தள்ளியும் பூச வேண்டும்; மறைந்த பிறகும் இரண்டு வாரம் தொடர வேண்டும். துண்டு தனி, உள்ளாடை வெயிலில், குளித்ததும் இடுக்கைத் துடைத்துக் காயவிட்டபின் உடை. இதிலும் வீட்டில் இருக்கும் எல்லோரையும் பார்த்தாக வேண்டும். பெண்கள் இடுப்புக்குக் கீழே இருப்பதைச் சொல்லத் தயங்கிக் கை வட்டத்தை மட்டும் காட்டிவிட்டுப் போவார்கள். திரையை இழுத்துவிட்டு, "வேற எங்கம்மா இருக்கு?" என்று ஒரு தடவை கூடக் கேட்டாக வேண்டும்.

எங்கே என்ற கேள்வி தொழிலைக் காட்டிக்கொடுக்கும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல் நுனி கறுத்து, தோல் உரிந்திருக்கும். முந்திரி ஓட்டு எண்ணெய் தோலைப் பொசுக்கும். சிலருக்கு ஒவ்வாமையும் உண்டாக்கும். சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உடைப்பது அவர்கள் தாங்களே கண்டுபிடித்த பாதுகாப்பு. கையுறையோடு சேர்ந்தால் இன்னும் நல்லது. மாம்பாலும் சேராங்கொட்டையும் முந்திரியின் சொந்தக்காரர்கள், அதே வேலையைச் செய்வார்கள். கொத்தனாருக்குக் கையில் என்றால் சிமெண்டில் உள்ள குரோமியம். காது மடலிலும் தொப்புளுக்குக் கீழே பேண்ட் பொத்தான் படும் இடத்திலும் என்றால் நிக்கல். நெற்றி நடுவில் என்றால் ஸ்டிக்கர் பொட்டின் பசை. தலையிலும் காதோரத்திலும், மீசைக்காரர்களுக்கு மேலுதட்டிலும் என்றால் சாயத்தில் உள்ள பாரா ஃபினைலீன் டயமின். வயலில் நிற்பவருக்கு முகம், கழுத்து, முன்கை என்று வெயில் படும் இடமெல்லாம் தடித்திருந்தால் பார்த்தீனியம். இவற்றில் மருந்து பாதி. விலக வேண்டியதிலிருந்து விலகுவது மறுபாதி.

வயதானவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே, மீன் செதில் போல வறண்டு அரிக்கும். எண்ணெய்ச் சுரப்பு குறைந்த தோலில் ஆழ்துளைக் கிணற்று உப்புத்தண்ணீர், காரமான சோப்பு, அதன்மேல் தேங்காய் நார். தோலின் இயல்பான அமில-கார அளவு (pH) 5ஐ ஒட்டி இருக்கும். சாதாரண சோப்பு 9, 10. நார் போட்டுத் தேய்த்தால்தான் குளித்த மாதிரி இருக்கிறது என்பார்கள். அவர்களுக்கு நான் எழுதுவது மாத்திரை அல்ல. வெதுவெதுப்பான நீர், குறைந்த நேரம், சோப்பு அக்குளுக்கும் இடுக்குக்கும் பாதத்துக்கும் மட்டும். துவட்டி ஈரம் முழுக்கக் காய்வதற்குள் தேங்காய் எண்ணெயோ மெழுகுக் களிம்போ. குளிக்கும் முன் தடவிச் சோப்பால் கழுவிவிடும் எண்ணெய்க்குப் பெரிய பலன் இல்லை. தூக்கம் வரவழைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளை இந்த வயதில் தவிர்க்கிறேன். இரவில் எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும்.

தோலில் ஒன்றுமே இல்லாமல் அரித்தால் தோலை விட்டு உள்ளே பார்க்க வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் அப்படி அரிப்பவருக்கு இரத்தம், சர்க்கரை, தைராய்டு, சிறுநீரகம், கல்லீரல் பரிசோதனைகளை எழுதுவேன். இரும்புச்சத்துக் குறைவிலும் அரிக்கும். குளித்து முடித்ததும் அரிப்பு வந்தால் சிவப்பணுக்கள் மிகுந்துபோகும் நோயை நினைக்க வேண்டும். எடை குறைந்து, இரவில் வியர்த்து, காய்ச்சலும் வந்து அரித்தால் நிணநீர்க் கழலைகளைத் தடவிப் பார்க்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் தடிப்பு எதுவும் இல்லாமல் அரித்தால், பித்த அமிலம் தேங்குகிறதா என்று தாமதிக்காமல் பார்த்தாக வேண்டும்; அது வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்தாகலாம். "மாசமா இருந்தா அரிக்கத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் சொல்லி அனுப்பிவிடும் வீடுகளுக்காகவே இதை அழுத்திச் சொல்கிறேன்.

"எல்லா அரிப்புக்கும் ஒரு அலர்ஜி மாத்திரை போதாதா?" என்று பலர் கேட்கிறார்கள். போதாது. காணாக்கடியில், அதாவது திட்டுத்திட்டாகத் தடித்து ஒரே நாளுக்குள் இடம் மாறி மறையும் தடிப்பில், ஹிஸ்டமின் என்ற பொருள்தான் முக்கியக் குற்றவாளி. அங்கே செட்டிரிசின் போன்றவை நன்றாக வேலை செய்யும். வேறு பல அரிப்புகள் ஹிஸ்டமின் இல்லாத பாதையில் மூளைக்குப் போகின்றன. பூனைக்காலிக் காயின் சுணை பட்டவருக்கு இது தெரியும்: அந்தச் சுணையில் உள்ள நொதி நரம்பு நுனியை நேராகத் தூண்டுகிறது, அலர்ஜி மாத்திரை அதை அண்டாது. குழந்தைகளின் கரப்பானும் டயாலிசிஸ் செய்பவர்களின் அரிப்பும் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. கரப்பானுக்கு ஈரப்பதக் களிம்பும் மருத்துவர் சொல்லும் அளவில் ஸ்டீராய்டும் வேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு நரம்பைச் சாந்தப்படுத்தும் கபாபென்டின் குறைந்த அளவில் உதவும். கத்தரிக்காயையும் கருவாட்டையும் எல்லோரும் விட்டுவிட வேண்டும் என்பதில்லை. சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் சிறிது நேரத்தில் தடித்தால் மட்டும் விட்டால் போதும்.

சொறிவதால் வரும் சுகமும் பொய்யல்ல. நகம் உண்டாக்கும் லேசான வலி, தண்டுவடத்திலேயே அரிப்புச் செய்தியை அமுக்குகிறது. ஆனால் சொறிந்த தோல் தடிக்கிறது, தடித்த தோல் மேலும் அரிக்கிறது. கணுக்காலிலும் பிடரியிலும் யானைத்தோல் போல் தடித்த படையோடு வருகிறவருக்கு, முதலில் வந்த காரணம் எப்போதோ போயிருக்கும். மிஞ்சியிருப்பது இந்தச் சுழல் மட்டும். "சொறியாதே" என்று சொல்வதில் பயனில்லை, தூக்கத்தில் கை தானே போகும். நகத்தை ஒட்ட வெட்டச் சொல்கிறேன். அரிக்கும்போது ஈரத்துணியை ஒற்றச் சொல்கிறேன். கணுக்கால் படைக்கு மருந்து தடவி மேலே துணிக்கட்டுப் போட்டு அனுப்புகிறேன். கட்டு இருக்கும்வரை நகம் எட்டாது, அதற்குள் தோல் ஆறும்.

பிறகுதான் சீட்டு. ஸ்டீராய்டு களிம்பு எழுதினால் அளவை விரலில் காட்டுகிறேன். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் ரேகைவரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். அது இரண்டு உள்ளங்கை அகலத்துக்குச் சரி. பிரிட்டனில் லாங், ஃபின்லே என்ற இருவர் 1991இல் சொன்ன இந்த விரல் கணக்கு, எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரிகிறது. சீட்டில் "இருவேளை" என்று மட்டும் எழுதுவது பாதி எழுதியது. எவ்வளவு, எங்கே, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது, வீட்டில் யார் யார் என்பதெல்லாம் சேர்ந்தால்தான் அது முழுச் சீட்டு. நேரமில்லை என்று அதைச் சொல்லாமல் அனுப்பிய நோயாளி அடுத்த மாதம் வேறொரு களிம்போடு திரும்பி வருவார்; மிச்சப்படுத்திய நேரம் இரட்டிப்பாகப் போகும்.

வருகிறவர்களிடமும் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. போட்ட களிம்புக் குழாய்களைத் தூக்கிப்போடாமல் கொண்டுவாருங்கள், தீர்ந்துபோன குழாயானாலும் சரி. காணாக்கடி காலையில் தடித்து மாலையில் மறைந்துவிடும். தடித்திருக்கும்போதே செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். வெளியே காட்ட முடியாத இடத்தில் இருந்தால் அதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். நாங்கள் தினமும் பார்ப்பதுதான், வெட்கத்துக்கு இடமில்லை. மருந்து எப்படிப் போடுவது என்று நாங்கள் சொல்லவில்லையென்றால் எழுந்து போகாமல் கேளுங்கள். வீட்டில் இன்னொருவர் சொறிகிறார் என்றால், அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள்.